அலகு: அடி

ஆழம்: எண்.
அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.
மூன்று வருடம் அது போதுமாக இருந்தது.
படித்தவர்கள் எல்லாம் திருச்செங்கோட்டுக்காரர்கள்.
இங்கே போர் என்றால் அடி.
நிலத்துக்கு சென்ட், மஞ்சளுக்குக் குவிண்டால்,
வருகிற தண்ணீருக்கு இஞ்ச்.
யாரும் யாரையும் கேட்பதில்லை.

போன தையில் ஏஜென்ட் வந்தது.
வந்தது என்கிறேன், கதவைத் தட்டவில்லை.
நடுச்சாமத்தில் ஆர்டர் எடுக்கும்.
எந்த ரிக் லாரி எந்த ஊரில் நிற்கிறதென்று பார்த்து
டீசல் கணக்குப் போட்டு
ஆட்களுக்குச் சீட்டு அனுப்பும்.
சன்னலுக்கு வெளியே நிற்கும் மலையை அது பார்த்ததில்லை.
என் குறிப்புகளைப் பார்த்தது,
கால்புள்ளி விடாமல்.
என்னை யாரும் அப்படிப் படித்ததில்லை.

முத்தூர்ப் பக்கம் நாச்சிமுத்து
முந்நூறு என்று சொல்லியிருந்தார்.
அது மீட்டர் என்று எடுத்துக்கொண்டது.
பிறகு அடியாக மாற்றி, பிழையில்லாமல்,
சீட்டில் எழுதியது: 984.

நாச்சிமுத்து ஒட்டன்சத்திரத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்.
போன் மண்டபத்துச் சுவரில் சார்ஜில் இருந்தது.

சீட்டில் உள்ளதை இறக்குவது புத்ராமின் வேலை.
முந்நூறில் புழுதி.
ஐந்நூறில் புழுதி.
எழுநூறில் வெள்ளைக் கல்மாவு;
வரப்புத் தென்னைகள் முகத்துக்குப் பவுடர் போட்டு நின்றன.
தொள்ளாயிரத்துப் பத்தில்
ராடு குரல் மாற்றியது என்றான்.
இரண்டரை இஞ்ச்.

முதலாளி அர்த்தனாரி மைசூர்பாக் வாங்கி வந்தார்.
"நல்லதுதானுங்க நடந்திருக்குது, பூங்கோதை.
அதெயெதுக்கு மாத்தறீங்க?"

பில் இன்னும் மேஜையில் கிடக்கிறது.
மீதி அறுநூற்று எண்பத்து நாலு அடிக்கு யார் பணம்?
நாச்சிமுத்து சொல்லிவிட்டார்:
நான் கேட்டது முந்நூறு.
தண்ணி என் காட்டுது.

அன்று ராத்திரி உட்கார்ந்தேன்.
ஆழம்: எண். அலகு அடி. மீட்டர் அல்ல.
வாய்க்கு வரும் 'ங்க'வை ஒவ்வொரு வரியிலும் அழித்தேன்.
மரியாதைக் குறைவு இல்லை, அதற்குக் குழப்பம் கூடாது.

ரத்து என்று ஒரு கருவி வைத்திருந்தோம்.
'வேலையை ரத்து செய்யும்.'
எதை? லாரி கிளம்பும் முன்பா, பிட் இறங்கிய பின்பா?
எழுதினேன்:
துளை தொடங்கிவிட்டால் இதை அழைக்காதே.
போட்ட ஓட்டையைப் பூமியிலிருந்து திரும்ப எடுக்க முடியாது.

'பாத்துப் போடுங்க' என்பதைப் பிரித்தேன்.
அதற்குள் கரண்ட் கம்பி இருந்தது,
பக்கத்துக் காட்டுக்காரரின் கிணறு இருந்தது,
மழைக்கு இளகிய வண்டித்தடம் இருந்தது.
பதினேழு வரி வந்தது.
பதினெட்டாவது இருக்கிறது என்று தெரியும்,
எதுவென்று தெரியவில்லை.

உரிமையாளர் போன் எடுக்காவிட்டால்:
நிறுத்து. காத்திரு. மறுபடி கூப்பிடு.
ஊகிக்காதே.

செவ்வாய்க்கிழமை ஊத்துக்குளியிலிருந்து ஓர் ஆர்டர்.
நானூறு அடி.
எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது.
ஏஜென்ட் சீட்டு அனுப்பவில்லை.
முதல் தடவையாக என்னிடம் ஒரு கேள்வி கேட்டது:

நூற்றெண்பதிலேயே தண்ணீர் வந்துவிட்டால்
நிறுத்தச் சொல்லட்டுமா,
நானூறு வரை போகச் சொல்லட்டுமா?
குறிப்பில் இல்லை.

தேடினேன். இல்லைதான்.
எழுந்து போய் அர்த்தனாரியிடம் கேட்டேன்.
அடிக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் மனிதர்
கொஞ்சநேரம் விசிறியைப் பார்த்தார்.

"அது மட்டும்
எழுதாம விடுங்க."

வந்து உட்கார்ந்தேன்.
காலிக் கட்டத்தில் கர்சர் மினுக்குகிறது.
ஊத்துக்குளியில் லாரி
என்ஜின் அணைக்காமல் நிற்கிறது.
மூன்று வருடம் நான் மறந்துபோனவற்றை
இத்தனை நாளாக எழுதிக்கொண்டிருந்தேன்.
இது மறதி இல்லை.

தண்ணீர் வந்தால்: நிறுத்து,
என்று அடித்தேன்.
சேமிக்கும் பொத்தானின் மேல்
விரல் இருக்கிறது.